விட்டமின் குளிசையும் ஒரு கரண்டிப் பாலும்

போன கிழமை, மருத்துவம் படிக்கிற உங்களுக்கு வகுப்பெடுக்க வந்தபோது முன்வரிசையில் இருந்த ஒரு பிள்ளை எழும்பி, "மிஸ், விட்டமின் டி புற்றுநோயைக் குணமாக்குமாம் எண்டு சொல்லுகினம், உண்மையோ?" என்று கேட்டது. நேரம் போய்விட்டது, பிறகு சொல்கிறேன் என்று சமாளித்தேன். நேரமெல்லாம் தாராளமாகக் கிடந்தது. அந்தக் கேள்வி காதில் விழுந்தவுடன் எனக்கு ஒரு உழவு இயந்திரத்தின் இரைச்சல் கேட்கத் தொடங்கிவிட்டது. அதற்குப் பிறகு வாய் ஓடவில்லை. ஆகவே எழுதித் தருகிறேன். ஓம் என்றோ இல்லை என்றோ ஒரு சொல்லில் பதில் வேண்டுமென்பவர்கள் இப்போதே மூடி வைத்துவிட்டு வேலையைப் பார்க்கலாம்.

எண்பதுகளின் நடுப்பகுதியில் துணுக்காய்ப் பக்கத்தில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி என் பொறுப்பில் இருந்தது. உதவி வைத்தியர் என்பது பதவி. சனம் எனக்குப் பின்னால் அப்போதிக்கரி என்றும் முன்னால் டொக்டரம்மா என்றும் சொல்லும். ஆண்களுக்கு ஒரு வாட்டு, பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் ஒரு வாட்டு, ஒரு மருந்து அறை. ஆய்வுகூடம் என்று சொல்ல ஒரு மேசையும் சலத்தை, அதாவது சிறுநீரை, சூடாக்கிப் பார்க்க ஒரு விளக்கும் இருந்தன. கிளிநொச்சியிலிருந்து பெரிய டொக்டர் கிழமைக்கு ஒரு தடவை வருவார், அதுவும் சண்டையில்லாமல் தெரு திறந்திருந்தால். நீங்கள் இப்போது கையில் போனை வைத்துக்கொண்டு "சிக்னல் இல்லை" என்று அழுவதைப் பார்க்க எனக்குச் சிரிப்பு வரும்.

மனோன்மணி குளத்துக் குடியேற்றத்தில் இருந்தவர். யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வந்து காடு வெட்டி வயல் செய்த குடும்பம். மார்பில் புற்றுநோய்க் கட்டி வந்து யாழ்ப்பாணத்தில் எடுத்தார்கள். பிறகு கதிர்ச் சிகிச்சைக்குக் கொழும்புக்குப் போய்வந்துகொண்டிருந்தார். எண்பத்து மூன்று இனக்கலவரத்துக்குப் பிறகு, "இனிக் கொழும்புக்குப் போறதெண்டால் என்னைக் கட்டித்தான் கொண்டுபோக வேணும்" என்று சொல்லிவிட்டார். முதுகு நோவுக்குக் குளிசை எடுக்க என்னிடம் வருவார். வந்தால் ஆஸ்பத்திரியே கலகலக்கும்.

"என்ன டொக்டரம்மா, இன்னும் ஒரு கலியாணமும் சரிவரேல்லையோ? நான் ஆள் பாக்கவோ, இல்லாட்டி அதுக்கும் குளிசை கிடக்கோ?" என்று வரிசையில் நிற்கிற அத்தனை பேருக்கும் கேட்கக் கேட்பார். எனக்குக் கோபம் வரவேண்டும். வராது. அந்த மனுசியை எனக்குப் பிடிக்கும்.

அப்படிப்பட்டவரை ஒருநாள் அவருடைய கணவர் சிவஞானம் கொண்டுவந்து கட்டிலில் கிடத்தியபோது நான் அடையாளம் தெரியாமல் ஆளை மட்டுக்கட்டவில்லை. நாக்கு வறண்டு, கண் குழிந்து, கூப்பிட்டால் விழித்துப் பார்த்துவிட்டுத் திரும்ப உறங்கிப் போனார்.

"என்னண்டு இப்பிடி ஆனவா?"

"கொஞ்ச நாளாச் சாப்பாடு இல்லை அம்மா. சாப்பிட்டதெல்லாம் சத்தி எடுக்கிறா. வயித்தாலையும் போகேல்லை. நேற்றிலையிருந்து என்னைப் பாத்து ஆர் நீங்கள் எண்டு கேக்கிறா." அதைச் சொல்லும்போது அந்தப் பெரிய மனிதர் விம்மி அழத் தொடங்கினார்.

"புதுசா மருந்து ஏதும் எடுத்தவாவோ?"

"இல்லை அம்மா."

"நாட்டு மருந்து? ஆரும் அரைச்சுக் குடுத்தவையோ?"

"அம்மாளாச்சி ஆணை இல்லை. நீங்கள் தந்த நோக் குளிசை மட்டுந்தான்."

நான் திருப்பித் திருப்பிக் கேட்டேன். அந்த மனிதர் ஒரு பொய்யும் சொல்லவில்லை. இதை ஞாபகத்தில் வைத்திருங்கள், பிறகு வருகிறேன்.

நல்ல காலம், அன்று பெரிய டொக்டர் வருகிற நாள். அவசரப்படாமல் ஆறுதலாகச் சோதித்தார். வெளியே வந்து கையைக் கழுவிக்கொண்டே சொன்னார்: "புற்றுநோய் மூளைக்குப் போட்டுது, மிஸ். வீட்டை கொண்டுபோய் வைச்சிருக்கச் சொல்லுங்கோ. உங்களிட்டை இருக்கிற சேலைனை வயித்தோட்டப் பிள்ளையளுக்கு வையுங்கோ. இனி எப்ப வரும் எண்டு சொல்லேலாது." அவர் சொன்னதில் ஒரு பிழையும் இல்லை. அந்த மாதம் குடியேற்றம் முழுக்க வயிற்றோட்டம். மருந்து லொறி எங்கே மறிபட்டு நிற்கிறது என்று யாருக்கும் தெரியாது. அவருடைய இடத்தில் நின்றிருந்தால் நானும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

ஆனால் எனக்கு ஒன்று இடித்துக்கொண்டே இருந்தது. மனோன்மணி அரை மயக்கத்திலும் "தண்ணி, தண்ணி" என்று முனகினார். கொடுத்தால் செம்போடு குடித்தார். குடித்ததைவிட அதிகமாகச் சலம் போனது. வறண்டு போன ஆளுக்குச் சலம் குறையத்தான் வேண்டும். சீனி வருத்தமாக்கும் என்று சலத்தைச் சோதித்தால் சீனி இல்லை. நான் படித்த காலத்தில் எங்களை வாட்டில் கூட்டிக்கொண்டு திரிந்த ஒரு பேராசிரியர், புற்றுநோய்க்காரருக்கு வருகிற எல்லாவற்றையும் புற்றுநோயின் தலையில் கட்டிவிடாதீர்கள் என்று சொல்லுவார். அவருக்கு எங்கள் யாரையும் கண்ணில் காட்டக்கூடாது, எப்போதும் ஏச்சுத்தான். ஏச்சோடு சேர்த்துச் சொன்னதால் அது என் மண்டையில் நின்றுவிட்டது. ஒரு இரவு வைத்துப் பார்ப்போம் என்று சிவஞானத்திடம் சொன்னேன்.

அடுத்த நாள் காலை வாட்டு வாசலில் உழவு இயந்திரம் வந்து நின்றது. இழுவைப் பெட்டிக்குள் வைக்கோல் பரப்பி, மேலே பாய் விரித்து, தலையணையும் வைத்திருந்தார்கள். எஞ்சினை நிறுத்தவில்லை, நிறுத்தினால் திரும்ப ஸ்டார்ட் வராதாம். மனோன்மணியின் தமக்கை பரமேஸ்வரி குடாநாட்டிலிருந்து விடியக்காலை பஸ் பிடித்து, பரந்தனில் மாறி வந்து இறங்கியிருந்தார். கூடவே ஒரு கூட்டம் உறவு. வீட்டில்தான் உயிர் போகவேண்டும் என்பது அவர்கள் முடிவு. பெரிய டொக்டரே சொன்ன பிறகு அப்போதிக்கரி என்ன சொல்லுவது?

எங்கள் வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடைசி நேரத்தில் உறவுகள் ஒவ்வொருவராக வாயில் ஒரு கரண்டி பால் விடுவார்கள். வழியில் ஏதும் ஆகிவிட்டால் என்ற பயத்தில், ஏற்றுவதற்கு முன்னமே ஒரு கரண்டி கொடுத்துவிடுவோம் என்று பரமேஸ்வரி சொன்னார். பாலுக்கு அலையத் தேவையில்லை. கட்டிலடியில் இருந்த சின்ன அலுமாரியில் மாப்பால் தகரப் பேணி வரிசையாக நின்றது. வருத்தக்காரரைப் பார்க்க யாரும் வெறுங்கையோடு போவதில்லையே! மாப்பால், சத்துமா, பிஸ்கட் என்று வந்த சனமெல்லாம் கொண்டுவந்து குவித்திருந்தது. சிவஞானம் அத்தனையையும் பக்தியோடு வீட்டிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் காவிக்கொண்டு வந்திருந்தார்.

பரமேஸ்வரி ஒரு பேணியை இழுத்தபோது அதற்குப் பின்னால் ஒரு சின்னப் போத்தல் உருண்டது. நான் எட்டிப் பிடித்தேன். என் நோக் குளிசைப் போத்தலை சிவஞானம் மேல்தட்டில் பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். மருந்துக்குரிய இடம் அது. இது கீழே, பாலோடும் மாவோடும் கிடந்தது. மேலே ஒட்டியிருந்ததை வாசித்தேன். விட்டமின் டி. அளவைத் திரும்பவும் ஒருமுறை வாசித்தேன். அதில் ஒரு குளிசை, சாதாரண ஆளொருவருக்கு மாதக்கணக்கில் போதும்.

அதற்குள் பரமேஸ்வரி பாலைக் கரைத்துக் கரண்டியைக் கையில் எடுத்துவிட்டார்.

"நில்லுங்கோ. பால் குடுக்க வேண்டாம்!"

வாட்டில் நின்ற எல்லோரும் என் பக்கம் திரும்பினார்கள். வெளியே எஞ்சின் மட்டும் இரைந்துகொண்டிருந்தது.

"என்ன கதை கதைக்கிறியள்?" பரமேஸ்வரி கரண்டியைக் கீழே வைக்கவில்லை. "என்ரை தங்கச்சி வாய் நனையாமல் போகவோ? உங்களுக்குக் கூடப்பிறந்ததுகள் இல்லையோ?"

நான் சிவஞானத்தின் பக்கம் திரும்பினேன். "இது என்ன?"

"அதோ? அது சத்துக் குளிசை அம்மா, விட்டமின். இவாவின்ரை தம்பி லண்டனிலை ஆஸ்பத்திரி ஆய்வுகூடத்திலை வேலை செய்யிறார். இது புற்றுநோயை அடக்குமாம் எண்டு அங்கை ஆராயினமாம். வந்த ஒராளிட்டைக் குடுத்துவிட்டவர். ஒவ்வொரு நாளும் ஒண்டு குடுக்கட்டாம்."

"ஒண்டுதான் குடுத்தனீங்களோ?"

அவர் கொஞ்சம் பெருமையோடு சொன்னார்: "எனக்கு மனம் கேக்கேல்லை. காலமை, மத்தியானம், பின்னேரம் மூண்டு நேரமும் பாலோடை கரைச்சுக் குடுத்தனான். மாரி தொடங்கினதிலையிருந்து ஒரு நேரமும் தப்பவிடேல்லை. சத்துத்தானே அம்மா, கூடினால் என்ன செய்யப்போகுது?"

எனக்குக் கத்த வேண்டும் போல இருந்தது. அந்த மனிதரின் முகத்தைப் பார்த்தேன். கத்தவில்லை.

பிள்ளைகளே, விட்டமின் டி என்ன செய்யும் என்று பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். உணவில் இருக்கிற கல்சியத்தை உடம்புக்குள் எடுக்கக் கதவு திறந்துவிடுகிற ஆள் அது. இந்தப் பெண்ணின் வீட்டில் கதவு அகலத் திறந்து கிடந்தது. வாசலில் மாப்பாலும் சத்துமாவும் வரிசையில் நின்றன. போதாததற்கு மனோன்மணிக்கு வெற்றிலை இல்லாமல் இருக்க ஏலாது. சுண்ணாம்பும் நாளெல்லாம் உள்ளே போனது. இரத்தத்தில் கல்சியம் ஏறினால் ஓயாத தாகம், சலம், சத்தி, மலச்சிக்கல், கடைசியில் மூளை மங்கும். எல்லாம் என் கண்ணுக்கு முன்னால் கட்டிலில் கிடந்தது. எலும்புக்குப் போன புற்றுநோயாலும் கல்சியம் ஏறலாம் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. மூளைக்கும் போயிருக்கலாம். அளந்து பார்க்க எனக்கு வழி இல்லை. யாழ்ப்பாணத்துக்கு இரத்தம் அனுப்பினாலும் முடிவு வர ஆள் முடிந்துவிடும். ஆனால் நான் நினைத்தது சரி என்றால், இந்த மனுசி சாகத் தேவையில்லை. வீட்டுக்குக் கொண்டுபோனால் நிச்சயம் சாவார், அதுவும் மிச்சக் குளிசையையும் பாலில் கரைத்துக் குடித்துக்கொண்டு.

"பாக்கியம் அக்கா" என்று வாட்டு உதவியாளரைக் கூப்பிட்டேன். "இந்தப் பேணியள் எல்லாத்தையும் எடுத்துக்கொண்டு போங்கோ. வெற்றிலைத் தட்டத்தையும்." பிறகு பரமேஸ்வரியிடம் சொன்னேன்: "இந்தக் குளிசையாலை ஏறின கல்சியம் ஒரு கரண்டிப் பாலாலை பெரிசாக் கூடாது. ஆனால் இவ்வளவு மயக்கத்திலை அது சுவாசப்பைக்குள்ளை போகும். அதோடை, நான் இவா சாகப்போறா எண்டு இன்னும் ஒத்துக்கொள்ளேல்லை. எனக்கு ரெண்டு மூண்டு நாள் தாங்கோ."

"இடையிலை ஏதும் நடந்தால்?"

"நடந்தால் முதல் கரண்டிப் பால் நான் விடுறன். ஏச்சையும் நானே வாங்கிறன்."

பரமேஸ்வரி என்னை மேலும் கீழும் பார்த்தார். வாசலுக்குப் போய், "தம்பி, உந்த எஞ்சினை நிப்பாட்டு. தலை இடிக்குது" என்றார். நிறுத்தினார்கள். சொன்னபடியே அது திரும்ப ஸ்டார்ட் வரவில்லை, பிறகு தள்ளித்தான் கொண்டுபோனார்கள்.

சிவஞானம் என் பின்னாலேயே மருந்து அறைக்கு வந்தார். அந்தக் குளிசைதான் இவ்வளவும் செய்தது என்று அவருக்கு அப்போதுதான் விளங்கியிருந்தது. "அப்ப நான்தானோ அம்மா நஞ்சு வைச்சனான்?"

"நீங்கள் அன்பிலை குடுத்தனீங்கள். உடம்பிலை கல்சியத்தை ஏத்தினது நீங்கள், இறக்கப்போறதும் நீங்கள்தான்" என்று சொல்லி அவர் கையில் ஒரு அளவுச் சாடியைக் கொடுத்தேன். "எவ்வளவு தண்ணி உள்ளை போகுது, எவ்வளவு சலம் வெளியிலை வருது, ஒரு சொட்டு விடாமல் அளந்து எனக்குச் சொல்லுங்கோ." அழுகிற மனிதருக்கு ஆறுதல் சொல்ல எனக்கு வராது, வேலை கொடுக்கத்தான் தெரியும். அவர் அந்தச் சாடியை விட்டு நகரவே இல்லை.

இனிச் சேலைன் பிரச்சினை. இந்த வருத்தத்துக்கு முதல் மருந்து உப்புத் தண்ணீர்தான், அதுவும் ஏராளமாக. என்னிடம் இருந்ததோ கொஞ்சம். குழந்தைகளுக்கு வைக்கச் சொல்லிப் பெரிய டொக்டர் சொன்னதை நான் மறக்கவில்லை. வாட்டில் இருந்த தாய்மாரை எல்லாம் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "விழுங்கக்கூடிய பிள்ளைக்கு ஊசி இல்லை. உப்புச் சீனித் தண்ணி கரைச்சுத் தாறன். கரண்டி கரண்டியாப் பருக்குங்கோ. நித்திரை கொள்ளுற தாயைக் கண்டால் நான் பொல்லாதவள்" என்றேன். முணுமுணுத்தார்கள். பருக்கினார்கள். அப்படி மிச்சம் பிடித்ததில்தான் மனோன்மணிக்குச் சேலைன் ஏறியது. கூடவே இரத்தத்தில் கல்சியத்தைக் குறைக்க உதவும் ஸ்டீரொயிட் குளிசையை அரைத்து மூக்குக் குழாயால் விட்டேன்.

அன்று பின்னேரம் வயிற்றோட்டத்தோடு ஒரு குழந்தை வந்தது. கண் செருகி, விழுங்கவும் ஏலாத நிலை. மனோன்மணிக்குக் கொளுவ எடுத்த போத்தல் என் கையில் இருந்தது. பரமேஸ்வரி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் குழந்தைக்குக் கொளுவினேன். மனோன்மணிக்கு மூக்குக் குழாயால் உப்புத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, சுவாசப்பையில் நீர் கட்டுகிறதா என்று அடிக்கடி முதுகில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக் கேட்டேன். எனக்குப் பயம் இல்லாமல் இல்லை. நினைத்தது பிழையென்றால், செத்துக்கொண்டிருக்கிற ஒருத்தியை வீட்டுக்கும் விடாமல் குழாய் போட்டு வதைத்தவள் என்று அந்த ஊர் என்னைச் சொல்லும். சொன்னால் அது நியாயமும்தான்.

உடனே எதுவும் நடக்கவில்லை. சினிமாவில் நடக்கிறமாதிரி நடக்கும் என்று காத்திருக்காதீர்கள்; விட்டமின் டி கொழுப்பில் போய்ப் படுத்துக்கொண்டு இலேசில் எழும்பாது. பரமேஸ்வரி என்னோடு கதைப்பதையே விட்டுவிட்டார். உறவுகள் வாட்டுக்கும் வேப்பமரத்துக்குமாக நடந்து திரிந்தார்கள். சிவஞானம் மட்டும் சாடியைத் தூக்கிக்கொண்டு வந்து கணக்குச் சொன்னார்.

பிறகு ஒரு காலமை, நான் குழாயைக் கழுவிக்கொண்டிருந்தபோது மனோன்மணி கண்ணைத் திறந்தார். சுற்றிவரப் பார்த்தார். குடாநாட்டுச் சனமெல்லாம் கட்டிலைச் சுற்றிக் கண் வீங்கி நின்றது.

"என்ன எல்லாரும் வந்து நிக்கிறியள்?" என்றார். குரல் கரகரத்தது. "ஆரின்ரை செத்த வீடு?"

பரமேஸ்வரி அப்படியே நிலத்தில் குந்தி ஓவென்று அழுதார். சிவஞானம் சாடியைக் கீழே போட்டு உடைத்தார். எனக்கும் கண் கலங்கியது. அதை மறைக்க, "அரசாங்கச் சாமானை உடைக்கிறதோ?" என்று அவரை ஏசினேன். சேலைன் ஏற்ற முதல் எடுத்து யாழ்ப்பாணத்துக்கு அனுப்பிய இரத்தத்தின் முடிவு வந்தபோது மனோன்மணி எழும்பி இருந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். கல்சியம் தாறுமாறாக ஏறிக் கிடந்திருக்கிறது. பெரிய டொக்டர் அடுத்த முறை வந்து முடிவை வாசித்தார், நோயாளியைப் பார்த்தார், "நீங்கள் வைச்சிருந்தது நல்லதாப் போச்சு" என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார். பெரிய மனிதர்.

கஷ்டமான வேலை அதற்குப் பிறகுதான் இருந்தது. மனோன்மணி போத்தலைக் கேட்டார்.

"அதை இனித் தரமாட்டன் அக்கா."

"அது என்ரை தம்பி அனுப்பினது. உங்களிட்டை எனக்கு நோவுக்கு மட்டுந்தானே குளிசை கிடக்கு? அதுதான் வருத்தத்துக்கு."

அவர் சொன்னது உண்மை. அந்தப் போத்தலுக்குள் அவர் நம்பிக்கை முழுக்க இருந்தது, அதை நான் பிடுங்கி வைத்திருந்தேன். கட்டிலில் பக்கத்தில் இருந்து விளங்கப்படுத்தினேன். தம்பி சொன்னது பொய் இல்லை. ஆய்வுகூடத்தில், கண்ணாடித் தட்டில் வைத்துப் பார்த்தால் விட்டமின் டி சில புற்றுநோய்க் கலங்களை, அதாவது உயிரணுக்களை, பழுதில்லாத கலங்களைப்போல முதிரப் பண்ணுகிறது, பெருகவிடாமல் தடுக்கிறது. ஆனால் அதற்குத் தேவையான அளவை மனிதருக்குக் கொடுத்தால் அதற்கு முன்னமே கல்சியம் ஆளைக் கொன்றுவிடுகிறது. புற்றுநோயை மட்டும் பிடித்து, கல்சியத்தைத் தொடாத ஒரு வகையைச் செய்யப் பார்க்கிறார்கள். இன்னும் வரவில்லை.

மனோன்மணி ஒவ்வொன்றையும் கேட்டு முடித்தார். பிறகு, "அப்ப செய்யிறவை என்னட்டை ஒருக்கா வந்து கேக்கட்டும். எவ்வளவு குடிச்சால் புருசனை ஆரெண்டு கேக்கலாம் எண்டு நான் சொல்லிக்குடுப்பன்" என்றார். சிரித்துக்கொண்டு சொன்னாலும் கண் நிறைந்துதான் இருந்தது. போத்தலைத் திரும்பக் கேட்கவில்லை.

முன்வரிசைப் பிள்ளைக்கு என் பதில் இதுதான். நான் ஓய்வுபெற்று இத்தனை வருசமாகியும் அந்த ஆராய்ச்சி ஓடுகிறது. விட்டமின் டி-யைப்போல எத்தனையோ வகை செய்து பார்க்கிறார்கள், நல்ல சேதி சிலதும் ஏமாற்றம் பலதும் வருகின்றன. வந்தால் முதலில் சந்தோஷப்படுகிறவள் நானாக இருப்பேன். அதுவரை யாராவது ஒரு சிவஞானம் உங்கள் முன்னால் வந்து நிற்பார். மருந்து எடுத்தாவோ என்று கேட்டு இல்லை என்ற பதிலோடு நின்றுவிடாதீர்கள். என்ன சாப்பிட்டா, என்ன குடித்தா, பார்க்க வந்தவர்கள் என்ன கொண்டுவந்தார்கள், கட்டிலடியில் என்ன கிடக்கிறது என்று குனிந்து பாருங்கள். கண்டுபிடித்தால் அவரை ஏசாதீர்கள்.

மனோன்மணி அதற்குப் பிறகு ஒரு போகம் முழுக்க வயலில் வரம்பில் கதிரை போட்டு இருந்து வேலை செய்வித்தார். புற்றுநோய் அதன் பாட்டில் முற்றிக்கொண்டு போனது. அதை நிறுத்த என்னிடம் எதுவும் இருக்கவில்லை. அறுவடை முடிந்து சூடடித்த பிறகு, சிவஞானம் சைக்கிளில் வந்து என்னைக் கூப்பிட்டார். போனேன். வீட்டு விறாந்தையில் கட்டில். பரமேஸ்வரியும் வந்திருந்தார். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது, ஆனால் தலை தெளிவு. சுற்றி நின்ற ஒவ்வொருவரையும் பேர் சொல்லிக் கூப்பிட்டார். புருசனை "இஞ்சாருங்கோ" என்றார். என்னைப் பார்த்து, "இன்னும் ஒண்டும் சரிவரேல்லையோ?" என்றார்.

நாடி பிடித்துப் பார்த்தேன். நேரம் வந்துவிட்டது என்பது எனக்கும் தெரிந்தது, அங்கே நின்ற எல்லோருக்கும் தெரிந்தது. பரமேஸ்வரி குசினிக்குள் போய் ஒரு கிண்ணத்தில் பால் கொண்டுவந்தார். கரண்டியைத் தோய்த்து எடுத்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

மனோன்மணி அதைக் கண்டுவிட்டார். வாய் கொஞ்சம் கோணியது, சிரிப்புத்தான்.

"டொக்டரைக் கேட்டிட்டு விடு அக்கா" என்றார்.

பரமேஸ்வரி என்னைத் திரும்பிப் பார்த்தார். சிவஞானமும் பார்த்தார்.

"ஓம்" என்றேன். "குடுங்கோ."